தோள்கள் ஏற்றிய மலை



புன்னக்காயலில் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். பொதிகையில் பிறந்து பாறைகளில் துள்ளி இறங்கும் ஆறு, சுமார் 125 கிலோமீட்டர் ஓடியபின் இங்கே ஓசையின்றி அடங்குகிறது. மலையிலிருந்து அது சுமந்துவந்த மண்ணே இக்கரையின் வரலாற்றையும் எழுதியது. வண்டல் படியப் படியக் கடல் விலகியது. கொற்கை துறைமுகம் என்னும் பெருமையை இழந்தது. பின்பு பழையகாயல் எழுந்தது. அதுவும் ஓய்ந்தபின் புன்னக்காயல் போர்த்துக்கீசியரின் துறையாயிற்று.

இந்த மாற்றத்தை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் அத்தியட்சர் ராபர்ட் கால்டுவெல். கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் அவர். 1881 இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் இவ்வூர்கள் இடம்பெற்றுள்ளன. அவருடைய நூல்களைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று அவர் ஏறிய இரண்டு மலைகளைப் பற்றிச் சிந்திப்போம்.

முதல் மலை நீலகிரி. 1838 இல் சென்னை வந்து சேர்ந்த அந்த இளைஞர், 1841 இல் தெற்கு நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டார். மக்களையும் அவர்கள் மொழியையும் நெருங்கி அறியவேண்டும் என்பதே அவருடைய விருப்பம். தஞ்சை, திருச்சி வழியாகச் சென்று நீலகிரி மீது ஏறினார். உதகையில் அவருக்குக் குருத்துவ அபிஷேகம் அளிக்கப்பட்டது. பின் மலையிறங்கி, மதுரை வழியாக அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 27. கால்கள் அவர் சொன்ன இடத்திற்குச் சென்றன.

ஆண்டுகள் கடந்தன. திருநெல்வேலியின் வெயிலும் ஓயாத உழைப்பும் அவர் உடலைத் தளர்த்தின. உடல்நலம் நாடி இங்கிலாந்து சென்ற காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1856 இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் அக்காலத்தின் கனி. 1877 இல் அத்தியட்சரானார். அது கொடும்பஞ்சத்தின் ஆண்டு. இளமையில் அஸ்திவாரமிட்ட இடையன்குடி ஆலயம் 1880 இல்தான் பிரதிஷ்டையாயிற்று. 1891 ஜனவரியில், இனி இயலாது என்று பொறுப்பைத் துறந்தார்.

இரண்டாவது மலை கோடைக்கானல். சுமார் 7,000 அடி உயரம். வெப்பத்தாலும் காய்ச்சலாலும் தம்மவரை இழந்த மதுரை அமெரிக்க மிஷனெரிகள் 1845 இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். ஏரியும் சோலையும் மேகம் தவழும் பள்ளத்தாக்கும் இன்று நம்மைச் சுற்றுலாவுக்கு அழைக்கின்றன. அன்றோ, நோயுற்றவர் ஓரிரு ஆண்டுகள் கூடுதலாக ஊழியம் செய்ய நாடிய அடைக்கலம் அது.

ஆனால் அங்கே செல்வது எளிதன்று. மோட்டார் பாதை அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. அம்மையநாயக்கனூர் வரை ரயில். அங்கிருந்து மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்குமேல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. திடமுள்ளோர் நடந்தனர், அல்லது குதிரையேறினர். முதியோரையும் நோயாளிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்து ஆட்கள் தோளில் சுமந்து ஏற்றினர். 1891 ஆகஸ்டு 28 இல், தம் 77 ஆம் வயதில், கால்டுவெல் அம்மலையின்மேல் கண்மூடினார். அவருடைய உடல் மலையிறக்கப்பட்டு, தென்கோடியிலுள்ள இடையன்குடி வரை கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய ஆலயத்தின் பலிபீடத்தின் கீழ் அடக்கம்பண்ணப்பட்டது.

அன்பானவர்களே, மலையேறியவர்களின் பெயர்களை வரலாறு காத்திருக்கிறது. மூச்சிரைக்க அவர்களைச் சுமந்தவர்களின் பெயர்களை யார் எழுதிவைத்தார்கள்? தேவனுடைய புஸ்தகத்தில் அவை விடுபட்டிருக்குமா?

திபேரியா கடற்கரையில், மீன்பிடித்துக் கரையேறிய பேதுருவிடம் ஆண்டவர் முதுமையைக் குறித்துப் பேசினார். இளமையில் விரும்பிய இடத்திற்கு நடந்தவனை, முதுமையில் வேறொருவன் கொண்டுபோவான் என்று உணர்த்தினார். அது அவனுடைய மரணத்தைக் குறித்த வார்த்தை. ஆயினும் அதற்குப் பிறகும் அவர் பேதுருவை அனுப்பிவிடவில்லை; தம்மைப் பின்பற்றும்படியே அழைத்தார். மோசேயும் மலையுச்சியில் கைதளர்ந்தபோது கல்லின்மேல் உட்கார்ந்தான். ஆரோனும் ஊரும் அவன் கைகளைத் தாங்கினார்கள். தாங்கப்பட்ட கைகளாலும் ஜெபம் ஏறெடுக்கப்பட்டது.

உங்களில் சிலர், முழங்கால் வலிக்கிறது, பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கவேண்டாம் என்று ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிட்டீர்கள். யாரும் கைபிடிக்க வந்தால் கூச்சப்படுகிறீர்கள். வாழ்நாளெல்லாம் பிறரைத் தாங்கிய உங்களுக்குத் தாங்கப்படுவது கடினமே. ஆனாலும் இதை ஒரு தாழ்வாக எண்ணாதீர்கள். நடந்து ஏறுவதற்குப் பெலன் வேண்டும். சுமக்கப்பட்டு ஏறுவதற்குத் தாழ்மை வேண்டும். இரண்டும் ஒரே தேவன் தரும் ஈவுகள்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் ஆலயப் படி ஏற இயலாமல் வீட்டில் இருக்கும் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். வருகிற ஞாயிறன்று அவர் வாசலில் போய் நில்லுங்கள். வர இயன்றால் கைகொடுத்து அழைத்து வாருங்கள். இயலாவிட்டால் சற்றுநேரம் அருகில் அமர்ந்து ஒரு சங்கீதம் வாசியுங்கள்.

நரைவயது மட்டும் நம்மைச் சுமக்கிற தேவன், ஒருவரையொருவர் சுமக்கும் கிருபையை நமக்கு அருளுவாராக. ஆமென்.