பந்தல், பேண்டல், புயல்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் தமிழர்கள் முதல் வருஷமே கண்டுபிடித்துச் சந்தோஷப்படும் விஷயம் ஒன்று உண்டு. துர்கா பூஜைக்குத் தெருவுக்குத் தெரு எழும்பும் மூங்கில் மாளிகைக்கு இங்கே பெயர் 'பேண்டல்'. வேறொன்றுமில்லை, நம்ம பந்தல்தான்! ஆங்கிலேயர்கள் தமிழிலிருந்து எடுத்துக்கொண்ட வார்த்தை, வங்காளிகளின் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1886ல் யூலும் பர்னெலும் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியிலேயே இதற்குத் தமிழ் மூலம் காட்டியிருக்கிறார்கள்.

வார்த்தை ஒன்று, ஆனால் பொருள் வேறு. நம் ஊர்க் கல்யாணப் பந்தல் என்றால் நாலு சவுக்குக் கம்பு, மேலே தென்னங்கீற்று, பக்கமெல்லாம் திறப்பு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போய்விடும். இங்கே பேண்டல் என்பது நாலு பக்கமும் துணியால் மூடிய கட்டிடம். கோயில் கோபுரமோ அரண்மனையோ பார்த்து அப்படியே முகப்பு செய்வார்கள். காற்றின் கண்ணுக்கு அது ஒரு பாய்மரம்.

அந்தப் பாய்மரத்தை ஏன் கட்டவேண்டி வந்தது? அதில்தான் சரித்திரம் இருக்கிறது.

ஆரம்பத்தில் துர்கா பூஜை பெரிய வீட்டு விசேஷம். ஷோபாபஜாரில் ராஜா நவகிருஷ்ண தேவ் 1757ல் தொடங்கிய பூஜை நடப்பது 'டாகுர்தாலான்' என்ற செங்கல் மண்டபத்தில். தடித்த தூண், காரைக் கூரை. புயல் வந்தாலும் அம்மன் நனைய மாட்டாள். ஆனால் உள்ளே போக ஜமீன்தார் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். ஹூக்ளி மாவட்டம் குப்திபாடாவில் 1790 வாக்கில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து வசூல் போட்டுப் பொதுவில் பூஜை நடத்தினார்கள் என்பார்கள். 'பாரோயாரி' என்ற பெயரே அதனால்தான் ('பாரோ' என்றால் பன்னிரண்டு, 'யார்' என்றால் நண்பன்). கொல்கத்தாவில் 1910ல் பவானிபூர், 1919ல் பாக்பஜார் என்று பொதுப் பூஜைகள் பரவின. அம்மன் தெருவுக்கு வந்தாள். தெருவில் ஏது செங்கல் மண்டபம்? மூங்கிலும் கயிறும் துணியும்தான். எல்லாரும் உள்ளே வரலாம் என்று ஆனதற்குக் கொடுத்த விலை, காற்றுக்குப் பயப்பட வேண்டியதாயிற்று.

பயம் வெறும் கற்பனை இல்லை. 1864 அக்டோபர் 5 அன்று இந்த ஊரைப் பெரும் புயல் தாக்கியது. அது பூஜை வரும் ஆசுவின மாதம். ஹூக்ளி நதியில் கடல் அலை ஏறி வந்து கரையோர கிராமங்களில் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. துறைமுகத்தில் கணக்கெடுத்த 195 கப்பல்களில் சேதமில்லாமல் தப்பியவை 23 மட்டுமே; 36 முழு நஷ்டம். இத்தனைக்கும் 'சைக்ளோன்' என்ற சொல்லையே உருவாக்கிய ஹென்றி பிடிங்டன் இதே கொல்கத்தாவில் வாழ்ந்தவர், 1858ல் காலமானவர். பெயர் வைத்தாயிற்று, முன்கூட்டிச் சொல்ல ஏற்பாடுதான் இல்லை! அடுத்த வருஷமே, 1865ல், கொல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. 1875ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது.

காமர்ஸ் படித்தவனுக்கும் புரியும் கணக்கு ஒன்று. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கப்படி ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்றில் சதுர மீட்டருக்குச் சுமார் 17 கிலோ. 120 ஆனால் 68 கிலோ. வேகம் இரண்டு மடங்கு, பாரம் நாலு மடங்கு. பத்துக்குப் பத்து மீட்டர் முகப்பு என்றால் கிட்டத்தட்ட ஏழு டன். கூட்டு வட்டி தோற்றது போங்கள் :-) கட்டிடங்களுக்கான இந்தியத் தர விதியில் கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அடிப்படைக் காற்று வேகம் ஒன்றே: நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

கனடாவிலும் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலும் உறைந்த ஏரி மேல் மடக்குக் கூடாரம் போட்டு மீன் பிடிப்பவர்களுக்கும் இதே கவலை. மூலைக்கு மூலை பனிக்கட்டியில் திருகாணி முளை அடித்துக் கயிறு கட்டுகிறார்கள். வாசலைக் காற்றுக்கு மறுபக்கம் வைக்கிறார்கள். ஏனென்றால் உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்கும். எங்கள் தெருவில் மூங்கில் கட்டுபவரிடம் விசாரித்தேன். அவர் சொன்னதும் இதேதான்: கால் மண்ணில் ஆழமாக இறங்க வேண்டும், குறுக்கு மூங்கில் நிறைய வேண்டும், கயிற்று முடிச்சு ஆடும், ஆனால் உடையாது. மோசமான காற்று வந்தால் துணியை அறுத்துவிட வேண்டும், எலும்புக்கூடு நிற்கும்.

கடைசி யோசனைதான் யாருக்கும் பிடிக்காது. மாதக்கணக்கில் வசூலித்த பணம், அஞ்சே நாள் ஆயுள். கமிட்டிக் கணக்குகளைப் பார்த்துப் பழகியவன் என்பதால் சொல்கிறேன், அந்தத் துணியில்தான் பணமே இருக்கிறது. அறுக்க எந்தச் செயலாளருக்கு மனசு வரும்? ஆனால் 2019 ஜூன் 23 அன்று ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டம் ஜசோல் கிராமத்தில் ராம கதை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் பந்தல் காற்றில் சரிந்து 14 பேர் இறந்தார்கள். பந்தலுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்கும். அந்தப் பதினாலு பேருக்கு?

மறுபக்கமும் உண்டு. 2013 அக்டோபர் 12, பூஜையின் அஷ்டமி ராத்திரி. பைலின் புயல் ஒடிசாவின் கோபால்பூர் அருகே கரையேறியது. நாள் கணக்கில் முன்பே எச்சரிக்கை வந்து, சுமார் பத்து லட்சம் பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1999 புயலில் அதே ஒடிசாவில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்திருக்க, இந்த முறை பலி நூறைத் தாண்டவில்லை. 1864ல் இந்த ஊர் பட்ட அடியில் பிறந்த ஏற்பாடு, 149 வருஷம் கழித்துப் பக்கத்து மாநிலத்துக்கு உதவியிருக்கிறது.

2021ல் யுனெஸ்கோ கொல்கத்தா துர்கா பூஜையை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எல்லோரையும் உள்ளே அழைத்த பந்தலுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம். காற்று எழும்பினால் அதே எல்லோரையும் வெளியே அனுப்பத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். துணி அடுத்த வருஷமும் வாங்கலாம்.

உங்கள் ஊர்ப் பந்தல்காரர்கள் காற்றுக்கு என்ன செய்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.