கிளைம்பிங் ஷூவும் மறந்துபோன குதிகாலும்

ஹம்பியில் ஒரு பாறை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதன் உச்சி விளிம்பில் இடது குதிகாலைத் தூக்கி மாட்டி, காலால் இழுத்து உடம்பை மேலே ஏற்ற வேண்டும். ஹீல் ஹூக் என்பார்கள். மாட்டினேன், இழுத்தேன். குதிகால் ஷூவுக்குள் வழுக்கிக் கழன்றது. ஷூ பாதி காலில் தொங்க நான் கீழே கிடந்தேன். மெத்தை விரித்திருந்ததால் முதுகு தப்பியது, மணிக்கட்டு மூன்று வாரம் வீங்கியிருந்தது.

வேடிக்கை என்னன்னா, அந்த ஷூ எனக்கு ரொம்பவே இறுக்கம். சாதாரணமாக 42 போடுகிறவன் 40 வாங்கியிருந்தேன். "வலிச்சாதான் தம்பி அது கிளைம்பிங் ஷூ. ரெண்டு சைஸ் குறைச்சு வாங்கு" என்று பெங்களூரில் மூத்த அண்ணன் ஒருவர் சொன்னார். கேட்டேன். கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. விரல்கள் நசுங்கிக் கிடக்க, குதிகாலைச் சுற்றி மட்டும் காற்று! இந்த அறிவுரை எந்தக் காலத்து ஷூவுக்குச் சொன்னது என்று தேடப்போய்ச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

ஆரம்பத்தில் ஐரோப்பிய மலையேறிகளுக்கு ஆணியடித்த தோல் பூட்ஸ்தான். 1935இல் இத்தாலியில் புந்தா ராசிக்கா சிகரத்தில் ஆறு பேர் இறந்தபின், வித்தாலே பிராமானி பள்ளமேடுள்ள ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்கினார். விப்ரம் என்ற பெயர் அவர் பெயரிலிருந்து வந்தது. ஆனால் அது மலைக்கான பூட்ஸ். செங்குத்துப் பாறைக்கான ஷூவின் கதை பாரிசுக்குத் தெற்கே, ஃபோன்தேன்புளோ காட்டின் மணற்பாறைகளில் நடக்கிறது.

அங்கே பயிற்சி செய்தவர் பியேர் அலேன். 1935இல் பெத்தி துரூ சிகரத்தின் வடக்கு முகத்தை முதலில் ஏறிய இருவரில் ஒருவர். அவர் யோசனை எளிமையானது: கித்தான் மேல்பாகம், காலோடு ஒட்டிய வடிவம், பள்ளமேடு இல்லாத வழவழப்பான ரப்பர். போருக்குப் பிறகு அவர் பெயரின் முதலெழுத்துகளோடு ‘பி.ஏ.’ என்று அது விற்பனைக்கு வந்தது. அடுத்து வந்தது பூர்தொன்னோவின் ‘இ.பி.’ ஷூ. 1970களில் பாறையேறுகிறவர்கள் காலில் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கலாம்.

பழைய படங்களில் இ.பி. போட்டவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்று பாருங்கள். விரல்நுனி பாறை விளிம்பில், குதிகால் காற்றில். பின்பக்கத்துக்குப் பெரிய வேலையே இல்லை. அந்த ரப்பரும் இன்றைய மாதிரி ஒட்டாது. பாதத்தை முன்பக்கமாக நகர்த்தி நிறுத்த ஷூவுக்குள் எந்த ஏற்பாடும் கிடையாது. சைஸைக் குறைத்து விரல்களை மடக்கித் திணிப்பதுதான் ஒரே வழி. அண்ணன் சொன்ன அறிவுரையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. அவர் பொய் சொல்லவில்லை, இல்லாமல்போன ஷூவுக்கு வைத்தியம் சொன்னார்.

1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியல் நிறுவனம் ‘ஃபிரே’ ஷூவில் ஒட்டும் ரப்பரைக் கொண்டுவந்தது. ஜான் பாகர் அதை அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்கு எடுத்துவந்தார். எல்லோரும் ரப்பர் புரட்சி என்று எழுதுவது இதைத்தான். எனக்கென்னவோ அதற்குப் பக்கத்திலேயே சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றம் பெரிதாகப் படுகிறது. ஏறும் பாறைகள் செங்குத்தைத் தாண்டி வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கின. கூரைபோல் கவிந்த பாறையில் காலை மேலே மாட்டினால்தான் கைக்கு ஓய்வு. குதிகால் கிட்டத்தட்ட மூன்றாவது கையாகிவிட்டது.

ஷூவும் மாறியது. குதிகாலைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டையை விறைப்பாக இழுத்து, இரண்டு பக்கமும் பாதத்தின் வளைவுக்கடியில் ஒட்டினார்கள். ‘ஸ்லிங்ஷாட்’ என்று பெயர். நம்ம ஊர் உண்டிவில்லேதான். இழுபட்ட ரப்பர் கல்லைத் தள்ளுகிற மாதிரி, பட்டை குதிகாலை முன்னே தள்ளும். விரல்கள் தானாக நுனிக்குப் போய் உட்காரும். லா ஸ்போர்டிவாவில் ஷூ வடிவமைத்த ஹைன்ஸ் மரியாகர் தாமே டோலமைட் மலைகளில் பெரிய ஏற்றங்கள் செய்தவர். 1991இல் வந்த ‘மித்தோஸ்’ ஷூவில் கயிறு குதிகாலையும் சுற்றிவரும். கட்டினால் முன்பக்கத்தோடு பின்பக்கமும் இறுகும்.

இப்ப கடைக்கு வருவோம். குதிகால் பொருந்தவில்லையென்றால் அந்தப் பட்டை எதைத் தள்ளும்? காற்றைத்தான். மேல்பாகம் தோல் என்றால் ஒரு மாதத்தில் விரல் பக்கம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். ரப்பர் போர்த்திய குதிகால் கிண்ணம் நெகிழவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. இன்று தொளதொளவென்றால் என்றைக்கும் தொளதொளதான். அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்தை. கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில், சாக்ஸ் இல்லாமல் போட்டுப் பார்ப்பேன். குதிகாலின் பக்கங்களையும் அடிப்பகுதியையும் பெருவிரலால் அழுத்துவேன். உள்ளே பொக்கென்று அமுங்கினால் வேண்டாம். கடைக்காரர் சம்மதித்தால் மேஜை விளிம்பில் குதிகாலை மாட்டி இழுப்பேன். மேல் விளிம்பு கணுக்காலுக்குப் பின்னாலுள்ள நரம்பை அறுத்தாலும் வேண்டாம். குறுகிய குதிகால்காரர்கள் பெண்களுக்கென்று விற்கும் ஒடுக்கமான மாடல்களையும் போட்டுப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஷூவே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஜெர்மனியில் எல்பே மணற்பாறைகளில் பெர்ன்ட் ஆர்னால்ட் வெறுங்காலோடு கடினமான ஏற்றங்கள் செய்தார். ஃபோன்தேன்புளோவிலேயே இப்போது சார்ல் அல்பேர் வெறுங்காலோடு ஏறுகிறார். அவர்களுக்குக் குதிகால் பொருத்தம் பற்றிய கவலை கிடையாது!

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. போன டிசம்பரில் 41 சைஸில், பின்பக்கம் ஒடுக்கமான வேறொரு ஜோடி வாங்கினேன். விரல்கள் லேசாக மடங்குகின்றன, வலியில்லை. அண்ணனிடம் காட்டியபோது முன்பக்கத்தை அழுத்திப் பார்த்து, "பெருசா இருக்கே தம்பி" என்றார். ஹம்பிக்கு ஜனவரியில் போனேன். அதே பாறை, அதே விளிம்பு. குதிகால் கழலவில்லை. இரண்டாவது முயற்சியில் மேலே உட்கார்ந்திருந்தேன்.