வழுக்கிய சக்கரம் தந்த ஷாஃப்ட்

மேக்கரை அடவிநயினார் அணையில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டதும் அச்சன்புதூர் வயல்களில் டிராக்டர்கள் இறங்கிவிடும், பின்னால் ரோட்டாவேட்டரோடு. தொழி கலங்கும்போது பார்ப்பவர் கண்ணெல்லாம் கத்திகள் மேல்தான். எஞ்சினின் பலத்தை அந்தக் கத்திகளுக்குக் கொண்டுபோகிற பி.டி.ஓ. ஷாஃப்டை யாரும் கவனிப்பதில்லை. அது பிறந்ததற்குக் காரணமே ஈர நிலம்தான்.

அதற்கு முன்பு, கதிர் அறுத்துக் கட்டும் இயந்திரம் தன் சக்கரத்திடமிருந்தே பலம் வாங்கியது. குதிரை இழுக்கும், தரையில் உருளும் பெரிய சக்கரம் பல்சக்கரங்களைச் சுற்றி வெட்டுகத்தியை ஓட்டும். மழை பெய்தால் சக்கரம் உருளாமல் வழுக்கும், கத்தி நின்றுவிடும். பிரான்சில் கூஜி என்ற விவசாயி, மெக்கானிக்கும்கூட, டிராக்டர் எஞ்சினிலிருந்தே ஒரு தண்டை நீட்டி இயந்திரத்தை ஓட்டினார். அதைப் பார்த்துவிட்டுப் போனவர் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் பொறியாளர் எட்வர்ட் ஜான்ஸ்டன். ஏறக்குறைய பத்தாண்டு கழித்து, 1918-ல், அந்நிறுவனத்தின் 8-16 டிராக்டர் பி.டி.ஓ.வோடு சந்தைக்கு வந்தது. பட்டறைக்காரர் யோசனை கம்பெனி பெயரில் ஊர் சுற்றுவது அன்றைக்கும் புதிதல்ல.

1920-களில் அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கம் இதன் வேகத்துக்கு ஓர் அளவு வகுத்தது. நிமிடத்துக்கு 536 சுற்று. பின்னர் அது 540 ஆனது. நம் டிராக்டர்களிலும் இன்றுவரை அதே 540.

மேட்டிலும் வரப்பிலும் ஏறி இறங்கும்போது டிராக்டரும் கருவியும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. வளைந்தபடியே சுழல ஒரு மூட்டு வேண்டும். அதை 1676-லேயே லண்டனில் ராபர்ட் ஹூக் விளக்கியிருந்தார்: இரண்டு கவைகள், நடுவே ஒரு குருசு. அதில் ஒரு கோளாறும் உண்டு. வளைந்து சுற்றும்போது மறுமுனையின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கூடிக் குறையும். ஷாஃப்டின் இரு முனையிலும் மூட்டு வைத்தால் ஒன்றின் தள்ளாட்டத்தை மற்றது சரிக்கட்டும். ஆனால் நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். கழற்றி மாட்டும்போது இதைத் தவறவிட்டால் ஷாஃப்ட் உதறும், குருசு சீக்கிரம் உடையும். கம்பெனியைத் திட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது.

குருசின் நான்கு முனையிலும் கப்புக்குள் ஊசி பேரிங். அதற்குள் கிரீஸை அழுத்தி ஏற்றத்தான் நிப்பிள். ஆஸ்திரியாவில் பிறந்த ஆஸ்கர் செர்க் 1929-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வடிவம் அது. தொழியில் ஓடும் ஷாஃப்டுக்குக் கிரீஸ் வெறும் வழுவழுப்புக்கு மட்டுமல்ல. புதுக் கிரீஸ் உள்ளே போகப்போகப் பழையது சேற்றையும் தண்ணீரையும் வெளியே தள்ளும். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்று பல கையேடுகள் சொல்கின்றன. ஷாஃப்டில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களுக்குக் கிரீஸ் போட மறந்துவிடுகிறோம். அவை காய்ந்து இறுகினால், கருவியைத் தூக்கும்போது நீள முடியாத ஷாஃப்ட் இருபக்க பேரிங்குகளையும் நெரிக்கும்.

கடைசியாக வந்தது ஷாஃப்டை மூடும் பிளாஸ்டிக் உறை. முதலில் காணாமல் போவதும் அதுதான். 35 மில்லிமீட்டர் தடிமன் தண்டு, விநாடிக்கு ஒன்பது சுற்று. கணக்குப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியைச் சுருட்டும். நாலு முழ வேட்டிக்கு இரண்டு விநாடி. கையை உதறக்கூட நேரமில்லை. தெரிந்தும் உறையைக் கழற்றி எறிவதற்குச் சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. நிப்பிள் அதற்கு அடியில் ஒளிந்திருக்கிறது! கிரீஸ் போடக் கழற்றியது கொட்டகையிலேயே கிடந்துவிடும். பராமரிப்பும் பாதுகாப்பும் ஒன்றுக்கொன்று எதிரியாகும்படி செய்துவைத்தது வடிவமைத்தவர்களின் பிழை என்பேன்.

இப்போது சில உறைகளில் கிரீஸ் கன் நுழைய வழி விட்டிருக்கிறார்கள். எஞ்சினை அணைத்து, சாவியை மடியில் செருகிக்கொண்டு, பி.டி.ஓ. லீவரை விடுவித்து, நிப்பிள் அந்தத் துளைக்கு நேராக வரும்வரை ஷாஃப்டைக் கையால் திருப்பினால், உறை இருந்த இடத்திலேயே இருக்கக் கிரீஸ் ஏற்றலாம்.