சோடாவும் சுண்ணக்கல்லும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்த பூமி. ஆறு என்று சொல்லத்தக்க ஜீவநதி ஒன்றும் இல்லாத இப்பிரதேசத்தில், மாரிமழை அந்தக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தங்குவதனாலேதான் நமது கிணறுகளில் ஜலம் ஊறுகின்றது. அக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் சுண்ணாம்பு எஞ்சும். அதனுள் அடங்கியிருந்த வாயு ஒருவருக்கும் புலப்படாமல் ஆகாயத்திற் கலந்துவிடும். ஸ்கொத்லாந்து தேசத்து வைத்தியராகிய ஜோசப் பிளாக் தமது பரிசோதனைகளை 1756 இல் வெளியிட்டு, அவ்வாயு சாதாரணக் காற்றினின்றும் வேறானது என்று ஸ்தாபித்தார். இன்று சோடாவில் நுரைத்தெழும் கரியமில வாயு அதுவே.

பனையிலும் அதே வாயு உண்டாகின்றது. பாளையிற் கட்டிய முட்டியில் வடியும் இனிய நீர் சில நாழிகைக்குள் புளித்து நுரைக்கும்போது எழுவது வேறொன்றன்று. கருப்பநீர் வேண்டுவோர் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுப்பர். வாயுவை இழந்த கல்லின் பொடியே, பதநீரில் அவ்வாயு பிறவாமற் காக்கின்றது என்ற நுட்பம், ரசாயனம் பயிலாத நம் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டுவந்த அனுபவ ஞானமாகும்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் பாதிரியார், தம் வீட்டுக்கு அயலிலிருந்த மதுவடிசாலையில், புளிக்கும் தொட்டியின்மீது தண்ணீர்ப் பாத்திரத்தைத் தொங்கவிட்டு, அத்தண்ணீர் வாயுவை ஏற்று இதமான புளிப்புச் சுவை பெறுவதைக் கண்டது 1767 இல். பின்னர் சீமைச் சுண்ணாம்பின்மேற் கந்தக அமிலத்தை விட்டு வாயுவை எழுப்பும் முறையை 1772 இல் சிறு நூலாக வெளியிட்டார். அந்நீர் கடலோடிகளைப் பீடித்த ஸ்கேர்வி நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையினாலே, கப்டன் குக்கின் இரண்டாம் யாத்திரைக்கு அச்சாதனமும் கப்பலேறிற்று. நோய் அதனால் தீரவில்லை. அதற்கு மருந்து தேசிக்காயிலும் நெல்லிக்காயிலும் இருந்தது.

ஜெனீவா நகரத்து ஜேகப் ஷ்வெப் 1783 இல் இதனை வியாபாரமாக்கினார். ஆயினும் சோடாவைக் கடையில் வாங்காது வீட்டிலேயே உண்டாக்கவேண்டும் என்ற ஆசை மனிதரை விட்டபாடில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வர் வீடுகளில், ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரு கண்ணாடிக் குடங்களில் ஒன்றில் நீரும் மற்றதில் அமிலப் பொடியும் சோடாவுப்பும் இட்டு வாயு பிறப்பித்தார்கள். குடம் வெடித்துவிடும் என்று அஞ்சி அதற்குக் கம்பிவலை சுற்றியிருந்தது. 1903 இல் லண்டனில், ஜின் வடிக்கும் கில்பி குடும்பத்தைச் சேர்ந்த கை கில்பி என்பவர் சிலிண்டரில் அடைத்த வாயுவைக்கொண்டு இயங்கும் யந்திரத்தை அமைத்தார். சோடாஸ்ட்ரீம் என்னும் பெயரில் இன்று பிரசித்தமான பொருளின் ஆதி இதுவே. பிரபுக்களின் பணியாளர் அறையிலிருந்த அந்த யந்திரம் சாமானியரின் சமையலறை மேசைக்கு வந்து சேர 1955 வரை சென்றது.

நம் தேசத்தின் கதை வேறு. கொழும்பில் 1866 இல் ஆரம்பமான ஐஸ் கம்பனி வழிவந்ததே யானை முத்திரைச் சோடா. ரயில்பாதை 1905 இல் பூர்த்தியாகி வடக்கையும் கொழும்பையும் இணைத்தபின், தெற்கத்திய பண்டங்கள் குடாநாட்டுக்கு வருவது சுலபமாயிற்று. ஒரேஞ் பார்லி, நெக்டோ, கிறீம் சோடா என்பவை யாழ்ப்பாணத்து உபசாரத்தின் அங்கங்களாயின. வீட்டுக்கு வந்தவருக்குச் சோடா உடைத்துக் கொடுக்காவிட்டால் மரியாதை குறைந்துவிடும் என்று எண்ணிய காலம் ஒன்று இருந்தது; கடைக்கு ஓடிப் போத்தலோடு திரும்புவது வீட்டுப் பிள்ளைகளின் கடமை. சுபகாரியம், கோயிற் திருவிழா, வயிற்றுப் பொருமல் ஆகிய மூன்றுக்கும் ஒரே போத்தல் உதவிற்று.

நமது வாயுவோ நமக்கு உதவவில்லை. 1950 இல் ஆரம்பித்த காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, நாற்பது ஆண்டுக்காலம் நமது சுண்ணக்கல்லைச் சுட்டுத் தேசத்துக்குச் சீமெந்து அளித்தது. கல்லில் உறைந்திருந்த வாயு புகைபோக்கி வழியே போயிற்று. யானை முத்திரைச் சோடாவோ தெற்கிலிருந்தே வரவேண்டியிருந்தது. 1990 இல் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டு ரயிலும் மின்சாரமும் நின்றபோது அந்தத் தொழிற்சாலையும் ஓய்ந்தது. எரிபொருள் வருவது தடைப்பட்ட அவ்வாண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டும், சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்த காரை மண்ணெண்ணெயில் ஓட்டியும் வாழ்ந்த ஜனங்களுக்கு, குளிர்பானத்தை எண்ணி ஏங்கியிருக்க அவகாசமில்லை. ஆனால் எந்தப் பண்டம் எந்த வீதியால் வருகின்றது என்ற பாடத்தைக் குடாநாட்டார்போல் கற்றவர் சிலரே.

வீட்டுச் சோடா யந்திரத்தின் பிற்காலச் சரித்திரமும் இதே பாடத்தையே சொல்கின்றது. 1998 இல் சோடாஸ்ட்ரீமை இஸ்ரவேலின் சோடா கிளப் நிறுவனம் வாங்கிற்று. மேற்குக் கரையில் அது நடத்திய தொழிற்சாலை சர்வதேசக் கண்டனத்துக்கு ஆளாகி, 2015 இல் மூடப்பட்டு நெகெவ் பிரதேசத்துக்கு மாறிற்று. 2018 இல், போத்தற் பானத்தாற் கொழித்த பெப்சிகோ நிறுவனமே 320 கோடி டொலருக்கு அதனை வாங்குவதாக அறிவித்தது. போத்தலை ஒழிக்கும் என்ற யந்திரம் போத்தற்காரரின் உடைமையானது விசித்திரந்தான். அதனிலும் முக்கியமானது சிலிண்டர். தண்ணீர் நம்முடையது, மேசை நம்முடையது; வாயு தீர்ந்தால் வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கியே ஆகவேண்டும். தண்ணீரோ நிச்சயமன்று: சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து ஜனங்கள் பட்ட துயரம் பழங்கதையாகவில்லை. அந்தக் கிணற்றை எந்த வாயு ஏற்றியும் குடிக்கத் தகுதியாக்க இயலாது. யந்திரத்தைப் பற்றிப் பேசுமுன் கிணற்றைப் பற்றிப் பேசுவதே நம் தேவை.

வீட்டில் நாமே கலந்து குடிக்கும் பானம் நமக்குப் புதிதன்று. வண. தோமஸ் அடிகளார் 1928 இல் தோலகட்டியில் ஸ்தாபித்த செபமாலைத் துறவியரின் ஆச்சிரமம் நெல்லி ரசத்தைப் பிரபலப்படுத்திற்று. பிரீஸ்ட்லி வாயுவில் தேடிய குணம் அந்தக் காயில் இயல்பாகவே உண்டு. அதனை நல்ல கிணற்று ஜலத்திலும் கலக்கலாம், சோடாவிலும் கலக்கலாம். சிலிண்டர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.