பாண்ட் பேப்பர்

கேம்பஸில் வேலை கிடைத்தபோது இரண்டு வருட பாண்ட் எழுதிக் கொடுத்தேன். நடுவில் விட்டால் ஒரு லட்சம் கட்டணும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பா, "இதென்னடா, பண்ணையாள் சீட்டு மாதிரி இருக்கு" என்றார். சிரித்துவிட்டேன். இப்போது கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். அப்பா சொன்ன அந்தச் சீட்டின் கதை இந்தச் சுற்றுவட்டாரத்துக் கதையும்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

1891இல் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், அங்கிருந்த பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். அதற்குள் அடிமைமுறைக்கு எதிராக இரண்டு சட்டங்கள் வந்திருந்தன. 1843 சட்டப்படி, ஓடிப்போன அடிமையைக் கோர்ட் பிடித்துத் தராது, அவ்வளவுதான். 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம், ஆளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. சரி, யாரும் விற்கவில்லையே! கல்யாணத்துக்குக் கொஞ்சம் பணம் கடன் வாங்கினார், அது தீரும்வரை உழைக்கிறார், அவ்வளவுதானே என்றார்கள் மிராசுதாரர்கள். கடன் தீராது. குடிசை நின்ற மனையும் மிராசுதாரருடையது. வேலையை விட்டால் வீடும் போச்சு. அதனால்தான் ட்ரெமென்ஹீர் நிலமும் மனையும் கேட்டார். 1892 அரசாணை வழியாக வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். அவற்றில் எவ்வளவு கைமாறிப்போனது என்பது தனிக்கட்டுரை.

கடனின் மீதே சட்டம் கைவைக்க இன்னும் 80 வருஷம் ஆனது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டம், 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். மொத்த நாட்டின் உரிமைகளும் முடங்கிக் கிடந்த எமர்ஜென்சியில் இது வந்தது என்பது ஒரு விசித்திரம். 6ஆவது பிரிவு கொத்தடிமைக் கடனை ரத்து செய்தது. எனக்குப் பிடித்தது 15ஆவது பிரிவு. இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர். எழுத்தறியாதவரிடம் ஆதாரம் கேட்காத சட்டம். 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: கட்டாய உழைப்பு தெரிந்தாலே, பின்னால் ஒரு முன்பணம் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் எல்லாம் ஒரு தாளில் வந்து நிற்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் நிறைய. வருவாய் அதிகாரி தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால், மீட்கப்பட்டவரும் முதலாளி கண்ணுக்குக் கடனோடு ஓடிப்போனவர்தான். 2016 மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடிய சுரண்டலுக்கு 3 லட்சம் என்றது. அந்தத் திட்டப்படி அப்போது உடனே கையில் வந்தது 20,000. மீதி, முதலாளி தண்டிக்கப்பட்ட பிறகு. பணம் தேவைப்படுவதோ முதல் மாதத்தில். 1976 சட்டத்தில் முதலாளிக்கு அதிகபட்சம் 3 வருஷச் சிறை, 2,000 ரூபாய் அபராதம்.

என் பாண்டை நான் பதினாலாவது மாதம் முறித்தேன். அப்பா ஒரு லட்சத்தைப் புரட்டிக் கொடுத்தார். அவர் வீட்டுக்கே திரும்பிப் போனேன். ஆலையிலிருந்து வெளியே வருகிற குடும்பத்துக்கு, அன்று ராத்திரி படுக்கவே இடம் வேண்டும். ட்ரெமென்ஹீர் கேட்ட அதே வீட்டுமனைக்காக, இருளர் குடும்பங்கள் இன்றும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்துக்கொண்டிருக்கின்றன.