யூபிலி: கொம்பின் பெயர், விடுதலையின் பெயர்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஒரே சொல் இரண்டு உருவில் வாழ்கிறது. வேதாகமத்தில் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ‘யூபிலி வருஷம்’. சபையின் ஆண்டுவிழா அழைப்பிதழில் ‘சில்வர் ஜூபிலி’. முதல் யூபிலியில் அடிமை இருக்கிறான், கடன்காரன் இருக்கிறான், கைவிட்டுப் போன நிலம் இருக்கிறது. இரண்டாவதில் 25, 50, 60 என்ற எண்கள் மட்டுமே இருக்கின்றன. இடையில் என்ன நடந்தது என்பதைத் தேடிப் போனால், பாதை எபிரேய மலைநாட்டில் தொடங்கி டெக்சஸ் கடற்கரைக்கும், அங்கிருந்து செங்கல்பட்டு வயல்களுக்கும் வருகிறது.

எபிரேயத்தில் ‘யோபேல்’ என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. அந்தக் கொம்பில் ஊதும் ஒலிக்கும் அதுவே பெயர். யாத்திராகமத்தில் சீனாய் மலையடியில் நியாயப்பிரமாணம் கொடுக்கப்படும்போது அது ஒலிக்கிறது. யோசுவாவின் புத்தகத்தில் எரிகோவின் மதில் விழும்போது ஆசாரியர் ஊதியவையும் யோபேல் கொம்புகளே. லேவியராகமத்தில் ஐம்பதாம் ஆண்டை அறிவிப்பதும் கொம்பின் ஒலிதான். பிறகு ஆண்டுக்கே கொம்பின் பெயர் ஆகிவிட்டது. சட்டம், வெற்றி, விடுதலை மூன்றுக்கும் ஒரே ஒலி.

ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த அதிகாரம் விரிவாகச் சொல்கிறது. நிலத்தை உழாமல் விட வேண்டும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்ட இஸ்ரவேலன் தன் பிள்ளைகளோடு வீடு திரும்ப வேண்டும். விற்ற நிலம் விற்ற குடும்பத்துக்கே வர வேண்டும். யூபிலிக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று கணக்கிட்டே நிலத்துக்கு விலை பேச வேண்டும். ஏனென்றால் விற்கப்படுவது நிலம் அல்ல, அத்தனை ஆண்டின் விளைச்சல். இந்தச் சட்டம் எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதன் தேதி. கொம்பு ஊத வேண்டிய நாள் ஏழாம் மாதம் பத்தாம் தேதி, பாவநிவிர்த்தி நாள். தேசம் முழுவதும் உபவாசமிருந்து பாவமன்னிப்புப் பெறும் அதே நாளில்தான் அடிமை வீட்டுக்கு அனுப்பப்படுகிறான். ஆத்தும விடுதலைக்கு ஒரு நாள், தேச விடுதலைக்கு வேறொரு நாள் என்று மோசேயின் சட்டம் பிரிக்கவில்லை.

கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். யோபேலுக்கும் விடுதலைக்கும் சேர்த்து அவர்கள் இட்ட சொல் ‘அபெசிஸ்’, அதாவது விட்டுவிடுதல். புதிய ஏற்பாட்டில் பாவமன்னிப்பு என்று வரும் இடங்களில் இருப்பதும் அதே அபெசிஸ்தான். நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் சுருளை விரித்து இயேசு வாசித்ததாக லூக்கா 4ஆம் அதிகாரம் சொல்லும் பகுதியில், சிறைப்பட்டவருக்கும் நொறுங்குண்டவருக்கும் அறிவிக்கப்படுவதும் அதே சொல். தமிழிலும் இந்த உறவு இருக்கிறது. ‘விடு’ என்ற ஒரே வேரிலிருந்துதான் விடுதலையும் வருகிறது, அறம் பொருள் இன்பத்துக்கு அடுத்து நிற்கும் வீடும் வருகிறது. இலத்தீனில்தான் திசை மாறியது. யோபேல் அங்கே ‘யூபிலேயுஸ்’ ஆனபோது, மகிழ்ந்து ஆர்ப்பரித்தல் என்ற பொருளுடைய வேறொரு இலத்தீன் சொல்லோடு கலந்துவிட்டது. கொம்பு பின்னுக்குப் போனது, கொண்டாட்டம் முன்னுக்கு வந்தது. 1300இல் போப் எட்டாம் போனிபாஸ் ரோமாபுரியில் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார்; பின்னர் இடைவெளி குறைந்து குறைந்து 15ஆம் நூற்றாண்டில் 25 ஆண்டுக்கு ஒன்று என்று நிலைத்தது.

தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொல்லுக்கு நல்ல வீடு கிடைத்தது. ‘ய’ என்ற ஒலி எபிரேயத்துக்கும் இலத்தீனுக்கும் ஜெர்மனுக்கும் பொது. ‘ஜ’ ஆங்கிலத்தின் ஒலி. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு ‘யூபிலி’ என்றே எழுதுகிறது. கொம்புக்கு ‘எக்காளம்’ என்கிறது. கோயில் ஊர்வலத்தில் எக்காளம் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அடமானத்தில் போன நிலத்தைத் திரும்பப் பெறுவதற்கு ‘மீட்பது’ என்கிறது. இன்றும் அடகுக்கடைக்கு நகையை மீட்கத்தான் போகிறோம். அடிமை திரும்பிப் போக வேண்டிய இடத்துக்கு அந்த மொழிபெயர்ப்பு எடுத்த சொல்தான் எல்லாவற்றிலும் கனமானது: ‘காணியாட்சி’. தொண்டை மண்டலத்திலும் சோழ மண்டலத்திலும் பரம்பரை நில உரிமைக்குப் பெயர் அது. களத்தில் நெல் அளக்கும்போது காணியாட்சிக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்குக்குப் பழைய வருவாய்க் கணக்குகளில் ‘சுதந்திரம்’ என்று பெயர். வேதாகமத்தில் ‘சுதந்தரம்’ என்றால் பிதா பிள்ளைக்குக் கொடுக்கும் சொத்து. ‘சுதந்தரவாளி’ என்றால் வாரிசு. நாம் ஆகஸ்ட் 15க்கும் ஜூலை 4க்கும் சொல்லும் சுதந்திரத்தின் அடியில் நிலமும் நெல்லும் கிடக்கின்றன. காணியாட்சியே இல்லாத பண்ணையாள் அந்த வசனத்தை எப்படிக் கேட்டிருப்பார்?

அமெரிக்காவுக்கு இந்த அதிகாரம் மணியில் எழுதப்பட்டு வந்தது. வில்லியம் பென் 1701இல் வழங்கிய உரிமைப் பட்டயத்துக்கு ஐம்பது ஆண்டு ஆனபோது, பென்சில்வேனியா சட்டமன்றத்தின் ஐசக் நோரிஸ் 1751இல் லண்டனில் ஒரு மணி வார்க்கச் சொன்னார். அதன் மேல் பொறிக்கத் தேர்ந்த வசனம் லேவியராகமம் 25:10. ஐம்பதாம் ஆண்டு என்பதால் அந்த வசனம் பொருந்தியது. ஆனால் பட்டயத்தின் பொன்விழாவைக் கொண்டாடிய அந்தக் குடியேற்றத்தில் அடிமைகள் இருந்தார்கள். எண்பது ஆண்டுக்குப் பிறகு, 1830களில், அடிமை ஒழிப்பு இயக்கத்தார்தான் அந்த வசனத்தை உரக்கப் படித்து, அதுவரை மாகாண மாளிகை மணி என்று அழைக்கப்பட்டதற்கு ‘லிபர்ட்டி பெல்’ என்று பெயர் சூட்டினார்கள். பிலடெல்பியாவில் கூட்டம் கூட்டமாக அந்த மணியைப் பார்க்கப் போகும் நியூ ஜெர்சித் தமிழர்கள் அதிலுள்ள வசனத்தின் அடுத்த பாதியையும் வீட்டுக்கு வந்து வாசிக்க வேண்டும். மணியில் விடுதலை அறிவிப்பு இருக்கிறது. அவரவர் காணியாட்சிக்குத் திரும்புவது இல்லை.

விடுதலைக்குக் காத்திருந்த கறுப்பின மக்கள் அந்த முழு வசனத்தையும் பிடித்துக்கொண்டார்கள். ‘யூபிலி நாள்’ என்பது அவர்கள் ஜெபத்திலும் பாட்டிலும் வரப்போகும் ஒரு நாளின் பெயர். 1862 டிசம்பர் 31 இரவு, லிங்கனின் விடுதலைப் பிரகடனம் மறுநாள் நடைமுறைக்கு வரும் என்று காத்து, ஆலயங்களில் விழித்திருந்து ஜெபித்தார்கள். நம் சபைகள் டிசம்பர் 31 இரவில் நடத்தும் வாட்ச் நைட் ஆராதனைக்கு அமெரிக்கக் கறுப்பினச் சபைகளில் இந்த நினைவும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் டெக்சஸில் அந்தப் பிரகடனத்தை நடைமுறைப்படுத்த ராணுவம் இல்லை. இரண்டரை ஆண்டு கழித்து, 1865 ஜூன் 19 அன்று, வடபகுதிப் படையின் ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் துறைமுக நகரில் மூன்றாம் எண் பொது ஆணையை வெளியிட்டார். ஏறக்குறைய 2,50,000 பேர் சட்டப்படி விடுதலையானார்கள். அதுதான் ஜூன்டீன்த், அதற்கு யூபிலி நாள் என்றும் பெயர் உண்டு. 1866 ஜனவரி 1 அன்று கால்வெஸ்டனின் பிராட்வே சாலையில், இப்போது ரீடி சாப்பல் என்று அறியப்படும் சபையில், விடுதலை பெற்றவர்கள் கூடி ஸ்தோத்திரம் செலுத்தினார்கள்.

கிரேஞ்சரின் ஆணையை முழுவதும் வாசித்தால் நெஞ்சு கனக்கிறது. முன்னாள் எஜமானும் முன்னாள் அடிமையும் உரிமையில் முற்றும் சமம் என்று தொடங்கி, இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடாதீர்கள் என்று முடிகிறது. விடுதலை என்கிறது, போவதற்கு இடம் சொல்லவில்லை.

இடம் கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஆணைக்கு முன்பே, 1865 ஜனவரி 12 அன்று, ஜார்ஜியாவின் சவானா நகரில் அதே படையின் ஜெனரல் ஷெர்மனைக் கறுப்பினச் சபைத் தலைவர்கள் 20 பேர் சந்தித்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் பிரேசியர், 67 வயது பாப்டிஸ்ட் போதகர். தன்னையும் தன் மனைவியையும் 1,000 டாலர் பொன்னும் வெள்ளியும் கொடுத்து மீட்டுக்கொண்டவர். உங்களை நீங்களே எப்படிக் காத்துக்கொள்வீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலின் சாரம்: நிலம் வேண்டும், அதை எங்கள் உழைப்பால் உழ வேண்டும். நான்கு நாளில் ஷெர்மன் கடலோர நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கி ஆணையிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அவற்றைப் பழைய உடைமையாளரிடமே திருப்பிக் கொடுக்கச் செய்தார். லேவியராகமத்தின் யூபிலி தலைகீழாக நிறைவேறியது.

ஹூஸ்டனில் விடுதலை பெற்றவர்கள் அரசுக்காகக் காத்திருக்கவில்லை. 1872இல் அந்தியோக்கியா பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஜாக் யேட்ஸ், ரிச்சர்ட் ஆலன், ரிச்சர்ட் பிராக், எலியாஸ் டிபிள் ஆகிய நால்வரும் மக்களிடம் பணம் திரட்டி 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விடுதலை நாளைக் கொண்டாடத் தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதே நோக்கம். நால்வரும் ஒரு காலத்தில் பிறர் உடைமையாக இருந்தவர்கள். அந்த எமான்சிபேஷன் பார்க் இன்றும் இருக்கிறது.

சொல் எங்கே பிரிந்தது என்பதற்கு ஓர் அறையைக் காட்ட முடியும். டென்னசியில் விடுதலை பெற்றவர்களுக்காக நடந்த ஃபிஸ்க் கல்லூரி கடனில் மூழ்கியபோது, 1871இல் அதன் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் மாணவர் பாடகர் குழு ஒன்றைப் புறப்படச் செய்தார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைத்தனத்தில் பிறந்தவர்கள். லேவியராகமத்தை நினைத்து ‘ஜூபிலி சிங்கர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள்; அந்த அறைதான் அது. அந்த ராணிக்கே 1887இல் பேரரசு முழுவதும் பொன் ஜூபிலி நடந்தது. அதன் நினைவாகவே சென்னையின் விக்டோரியா பொது மண்டபத்துக்கு அந்தப் பெயர் வந்தது. 1897இல் வைர ஜூபிலி, 1935இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி ஜூபிலி. நம் ஊர் சுவர்களுக்கும், 25 வாரம் ஓடிய படத்தின் விளம்பரத்துக்கும் வந்து சேர்ந்தது கிரீடத்தின் ஜூபிலிதான். பாடகர்களின் ஜூபிலி வரவில்லை.

அமெரிக்கத் தமிழர் வாழும் மண்ணில் இந்த வரலாறு மிக அருகில் கிடக்கிறது. ஹூஸ்டனை அடுத்த சுகர் லாண்டில் நம்மவர் வீடுகள் ஏராளம். 2018இல் அங்கே பள்ளிக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது 95 கறுப்பின மக்களின் எச்சங்கள் கிடைத்தன. அடிமை முறை ஒழிந்த பிறகு, சிறைக் கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்ட முறையில் மாண்டவர்கள். நியூ ஜெர்சியின் 1804ஆம் ஆண்டுச் சட்டம், அந்த ஆண்டு ஜூலை 4க்குப் பிறகு பிறக்கும் அடிமைக் குழந்தைகளுக்கு மட்டும் விடுதலை கொடுத்தது, அதுவும் பெண்களுக்கு 21 வயதிலும் ஆண்களுக்கு 25 வயதிலும். தேசத்தின் விடுதலை நாளையே வரம்பாக வைத்து ஒரு தலைமுறையை வெளியே நிறுத்திய சட்டம் அது. 1860 கணக்கெடுப்பிலும் அங்கே 18 பேர் அடிமைகளாகப் பதிவாகியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் பிறர் கதை என்று நாம் தள்ளிவைக்க முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தவரின் முன்னோர் வாழ்ந்த திருவிதாங்கூரில் அடிமை முறை முழுமையாக ஒழிந்த ஆண்டு 1855. கால்வெஸ்டனுக்குப் பத்தே ஆண்டு முன். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி அவர்கள் கையிலிருந்து போய்விட்டது. அதைத் திரும்பக் கேட்கும் இயக்கத்துக்கும் ‘மீட்பு’ என்றே பெயர். 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஆளை விடுவித்ததோடு நிற்காமல் அவர் பட்ட கடனையும் ரத்து செய்தது, அதற்காகப் பிடிக்கப்பட்ட உடைமையையும் திருப்பித் தரச் சொன்னது. ஆள், கடன், உடைமை மூன்றையும் ஒன்றாகத் தொட்டதால் அதை யூபிலிச் சட்டம் என்று தயங்காமல் சொல்வேன்.

நம் சபைகளில் ‘விடுதலை’ தினமும் ஒலிக்கும் சொல். கடன் பாரத்திலிருந்து, நோயிலிருந்து, விசா சிக்கலிலிருந்து விடுதலை கேட்டு ஜெப விண்ணப்பங்கள் வருகின்றன. கட்டுகள் அறுந்தன என்று சாட்சி சொல்கிறோம், ஜெயம் கொடுக்கிற தேவனைத் துதிக்கிறோம். அந்த ஜெபத்தைச் சிறியது என்று நான் நினைக்கவில்லை. மோசேயின் சட்டமே கடன்காரனின் வீட்டுக் கவலையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் நிலமும் அதில் இருக்கிறது.

2021 முதல் ஜூன் 19 அமெரிக்கா முழுவதற்கும் அரசு விடுமுறை. டாலஸ், ஹூஸ்டன், எடிசன், பிரீமான்ட் என்று எங்கே தமிழ் ஆராதனை நடந்தாலும், அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை லேவியராகமம் 25ஐயும் லூக்கா 4ஐயும் சேர்த்து வாசியுங்கள். அருகிலுள்ள கறுப்பினச் சபையின் ஆராதனைக்குப் பிள்ளைகளோடு போங்கள். காணிக்கையில் ஒரு பங்கை ஊரில் கொத்தடிமையிலிருந்து மீண்ட ஒரு குடும்பத்தின் நிலத்துக்கோ வீட்டுக்கோ அனுப்புங்கள். சபையின் 25ஆம் ஆண்டுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது ‘யூபிலி’ என்று எழுதினால், யாருடைய கடனை விட்டுக்கொடுத்தோம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.