ஏரி வேலையை யார்கிட்ட கொடுக்கிறது?

போன மழைக்கு எங்க ஊர் ஏரி ரொம்பி கலங்கல் போச்சு. ஆனா மாசி பாதியிலயே தண்ணி அடிமட்டத்துக்கு வந்துடுச்சு. நவரைக்கு நட்ட என் ஒன்றரை ஏக்கர் கதிர் வர்ற நேரத்துல காஞ்சுது.

காரணம், ரெண்டு வருஷம் முன்னாடி கட்டின மதகு. மதகுச் சுவரும் கரையும் சேர்ற இடத்துல களிமண்ணை அடுக்கடுக்காப் போட்டு, தண்ணி தெளிச்சு, இடிச்சு இறுக்கணும். இங்க பொக்லைன் வெச்சு மண்ணைத் தள்ளி மூடிட்டாங்க. அந்த வழியாவே தண்ணி கசிஞ்சு போயிடுச்சு. ஏன் இவருக்குக் கொடுத்தீங்கன்னு கேட்டா, "குறைஞ்ச ரேட் அவர்தான் போட்டார்"ங்கிறாங்க.

அந்த வயித்தெரிச்சலோட ஒரு கல்யாணத்துக்கு உத்திரமேரூர் போனேன். அங்க வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற குடவோலைக் கல்வெட்டைப் பத்தி நீங்க பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. எல்லாரும் அதைத் தேர்தல் கதையாச் சொல்வாங்க. எனக்கு அதுல ஏரிதான் தெரிஞ்சுது.

30 குடும்புல ஆளுக்கு ஒருத்தரா 30 பேரை எடுப்பாங்க. அதுல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், மீதி 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்தான். 921ஆம் வருஷத்து விதிப்படி வயசு 35க்கு மேல, 70க்குள்ள. வரி கட்டுற கால் வேலி நிலமும் சொந்த மனையில வீடும் வேணும். முந்தின 3 வருஷத்துல வாரியம் பார்த்தவர் வரக்கூடாது.

எனக்கு உறைச்சது இன்னொரு விதி. முன்னாடி வாரியம் பார்த்துட்டு கணக்குக் காட்டாதவர் பேரை ஓலையில எழுதவே கூடாது. அவரோட அப்பா, பிள்ளை, மாமனார், மச்சான், மருமகன் பேரையும் எழுதக்கூடாது. மச்சான் பேர்ல வேலை எடுக்கிற தந்திரம் அன்னிக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க!

இதை ரொம்பப் பெருமையாவும் பேச முடியாது. அது பிராமணர் சபை. என்னை மாதிரி ஏர் பிடிக்கிறவன் பேர் அந்தக் குடத்துல விழுந்திருக்காது. வாரியத்தாரும் கான்ட்ராக்டர் இல்லை, வேலையைப் பார்த்துக்கிறவங்க. ஆனாலும் பழைய கணக்கைப் பார்த்துட்டுத்தான் அடுத்த பொறுப்பைக் கொடுத்தாங்க.

இப்ப 1998ல வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கு. அது நல்ல சட்டம்தான். மூடி வெச்சுக் கொடுக்கிறதைவிட பகிரங்கமாக் கேட்கிறது எவ்வளவோ மேல். அதுலயும் முதல்ல தகுதி, அப்புறம்தான் விலை. 2017ல குடிமராமத்து திரும்ப வந்தப்போ ஆயக்கட்டு விவசாயிங்க சங்கத்துக்கே வேலையைக் கொடுத்து, 10 சதவீதம் பங்கைப் பணமாவோ உழைப்பாவோ கேட்டாங்க. நம்ம காசு போனா நாம கரையில போய் நிப்போம் இல்லையா?

அடுத்த கிராம சபையில நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்கப்போறேன். ரேட் எவ்வளவோ இருக்கட்டும். இந்த ஆளு இதுக்கு முன்னாடி கட்டின மதகு எந்த ஊர்ல இருக்கு? போய்ப் பார்த்துட்டு வரலாமா?